கட்டியைப் பட்டினி போட்டவள்

சென்சு, கேப்ஸ்யூல் ஒன்றைத் திருகிப் பிரித்து, உள்ளிருந்த வெள்ளைத் தூளை ஆப்பிள் கூழில் கொட்டிக் கலக்கினார். இனி மாத்திரை எதுவும் வேண்டாம், வலிக்கு ஊசி போதும் என்று நர்ஸ் டானியா காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

"மெலிதா, வாயைத் திற."

புற்றுநோய் முற்றிக் கட்டிலில் கிடந்த தங்கை ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "என்னண்ணே அதுல?"

"ஆப்பிள்."

"பொய் சொல்லத் தெரியாத ஆளு எதுக்குப் பொய் சொல்றே?"

அவர் கலந்தது மூட்டுவலி மாத்திரை, வீக்கத்தைத் தணிப்பது. புற்றுக்கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் முளைப்பதையும் அது தடுக்குமா என்று மெலிதா சிட்னியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பல வருஷம் சோதித்துக்கொண்டிருந்தாள். அதற்குக் கருவுள்ள முட்டைகள் சென்சுவின் கோழிப்பண்ணையிலிருந்துதான் போகும். முட்டைத் தட்டைக் காரின் முன்சீட்டில் வைத்து, பெல்ட் போட்டு, பிள்ளைத்தாய்ச்சியை அழைத்துப் போகிற மாதிரி ஓட்டுவார். பின்னால் ஹாரன் அடிப்பவர்களை தாய்மொழியான மால்டா மொழியில் திட்டுவார்.

ஒருநாள் மெலிதா அவரை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டிய முட்டை. உள்ளே சவ்வின்மேல் அவள் வைத்த கட்டித்துணுக்கை நோக்கி, சிவப்புக் குழாய்கள் நாலாபக்கமும் இருந்து ஓடிவந்திருந்தன. மருந்து விட்ட அடுத்த முட்டையில் அவை பாதியிலேயே நின்றுவிட்டன. "பட்டினி போட்டுட்டேண்ணே," என்று அவர் தோளில் குத்தினாள். அன்று இருவரும் கார் நிறுத்துமிடத்தில் நின்றபடியே பஸ்தீத்ஸி என்கிற மால்டா பலகாரத்தை ஒரு பொட்டலம் தின்று தீர்த்தார்கள். சட்டையெல்லாம் அதன் மொறுமொறுத் தூள்.

"உன் மருந்துதானே," என்றார் இப்போது. "நீயே நம்பலேன்னா எப்படி?"

"முட்டையில கேட்டுச்சு. எலியில கொஞ்சம் கேட்டுச்சு. மனுஷங்ககிட்ட நெனச்ச அளவுக்குக் கேக்கல. அதையும் அறிக்கையில நான்தானே எழுதினேன்."

"உனக்குக் கேட்டா?"

"ரெண்டு வருஷமா முழுங்கினேனே. கேக்கல." மூச்சு வாங்கியது. "நீ கொண்டாந்தது நல்ல முட்டைண்ணே. அதுல ஒரு குத்தமும் இல்ல."

சென்சுவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"மருந்து போடாம கொஞ்சம் குடேன்," என்றாள். "வாய்க்கு ருசியா தின்னு எவ்ளோ நாளாச்சு."

கிண்ணத்தில் இருந்ததைக் கொட்டினால் அவளைக் கைவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. பிறகு எழுந்துபோய்த் தொட்டியில் கொட்டிவிட்டு, கரண்டியைக் கழுவி, வேறொரு ஆப்பிளை வேகவைத்து மசித்தார்.

சாயங்காலம் டானியா வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் தங்கையின் கையை இன்னும் விடவில்லை.

"கடைசியா மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லம்மா. வெறும் ஆப்பிள்தான். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டா," என்றார்.