பச்சைச் சுவர்

தன் தேத்தண்ணிக் கடையின் முன்சுவரை ஜவுபர் தானே இடித்துக்கொண்டிருந்தான். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியாலேயே சாய்க்க முடியாத சுவர். பெருநாளைக்குத்தான் பச்சை அடித்திருந்தான். கல்முனையிலிருந்து தெற்கே போகும் புதிய பெருந்தெரு இந்தக் கடைத்தெரு வழியாகத்தான் வரும் என்று சொல்லி, றோட்டு வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் சில்வெஸ்டர் சுவரில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். கோட்டைத் தாண்டி நிற்பதை அவரவரே உடைத்துவிட வேண்டுமாம்.

"பஸ்ஸெல்லாம் இனி நம்மட வாசல்லதான் நிக்கும் புள்ள. இடியப்பம் இன்னும் கூட அவிக்கணும்."

"முதல்ல றோட்டு வரட்டும்" என்றாள் அவன் மனைவி றாஹிலா, உடைந்த கல்லை ஒதுக்கிக்கொண்டே.

றோட்டு வந்தது. ஊருக்குள் வரவில்லை. மேற்கே வயலோரமாக, ஊரின் பெரிய நிலக்காரர் அச்சிமுகம்மது போடியாரின் அரிசி மில் வாசலைத் தொட்டுக்கொண்டு நேராகப் போயிற்று. பஸ்களும் அதன் பின்னாலேயே போய்விட்டன. முகப்பில்லாத கடைக்குள் புழுதி வந்தது, நாய் வந்தது, ஆள் வரவில்லை. அவித்த இடியப்பம் அந்திக்கு ஆட்டுக்குப் போனது. ஜவுபர் ஓவசியரைத் தேடி றோட்டு இலாகாக் கந்தோருக்குப் போய் நின்றான்.

"கோடு போட்டது நீங்கதானே சேர்? இப்ப என்ட சுவருக்கு என்ன சொல்றீங்க?"

"மேல மாத்திட்டாங்க காக்கா. நான் என்ன செய்ய?" சில்வெஸ்டர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மாரி மழையில றோட்டெல்லாம் குழி. நிரப்ப ஆள் வேணும். விருப்பமெண்டா வாங்க."

வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே. மறுநாளே கூடையைத் தூக்கினான்.

மில்லுக்குக் கிட்டே பெரிய குழியொன்று. டிராக்டர் வந்து கல்லும் சாந்துமாகக் கொட்டியது. மேலே கிடந்த துண்டுகளில் பச்சை தெரிந்தது. ஜவுபர் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தான். அதில் சிவப்புக் கோட்டின் ஒரு முனையும் இருந்தது.

"இது எங்கயிருந்து அள்ளின?"

"கடைத்தெருவுல சும்மா கிடந்த" என்றான் டிராக்டர்காரன். "ஆருக்கும் தேவையில்லையாம்."

"என்ன காக்கா நிக்கிறீங்க?" சில்வெஸ்டர் சத்தம் போட்டார். "பஸ் வருது, கெதியாப் பரப்புங்க!"

ஜவுபர் பரப்பினான். காலால் மிதித்து இறுக்கினான். ஹோர்ன் சத்தம் கேட்டுக் கூடையோடு ஓரம் ஒதுங்கினான். பஸ் பச்சைத் துண்டுகளின் மேல் ஏறி இறங்கி, மில்லுக்குப் பக்கத்தில் போடியார் புதிதாகத் திறந்திருந்த தேத்தண்ணிக் கடை வாசலில் போய் நின்றது.