குளத்துக்குள் ஒரு நிக்காஹ்

எங்கள் தெருக் குளத்தை அழகாக்கச் சொல்லி மனு எழுதியவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குத்திக் காட்ட வேண்டாம். பதினெட்டு வருஷம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு மணமேல்குடிப் பக்கம் ஊர் திரும்பியவனுக்கு, வீட்டுக்கு எதிரே சேறும் கோரைப்புல்லும் தவளையுமாகக் கிடந்த அந்தக் குளத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

என்ஜினியர் ஆத்மநாதன் வந்தார், அழகாக்கினார். சேற்றை அள்ளிவிட்டு அடியில் கான்கிரீட், அதற்கு மேல் நீல டைல்ஸ். தெருத் தண்ணீர் அழுக்கு என்று, அது வரும் வாய்க்காலைச் சுவர் எழுப்பி அடைத்தார். மழைத் தண்ணீர் தேங்கினால் டைல்ஸில் பாசி பிடிக்குமாம். அதை இறைத்துத் தெருவில் ஊற்ற இரண்டு மோட்டார். திறப்பு விழாவில் நான்தான் மாலை போட்டேன். அவருக்கு, குளத்துக்கு இல்லை.

என் மகள் சாமியாவுக்குக் கட்டுமாவடியில் மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். வியாழக்கிழமை பிடித்த மழை சனிக்கிழமை வரை விடவில்லை. மோட்டார் இரண்டும் ஓயாமல் இறைத்தன. தெருவில் முழங்கால் தண்ணீர். வீட்டுக்குள் பந்திப் பாய்கள் மிதந்தன. முன்பு எவ்வளவு பெய்தாலும் எங்கள் வாசற்படி முங்கியதில்லை. அத்தனையையும் அந்தச் சேற்றுக் குளம்தான் குடித்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

ஞாயிறு காலையில் மழை விட்டபோது, ஊரிலேயே காய்ந்து கிடந்த ஒரே இடம் குளம்.

"குளத்துக்குள்ள பந்தலைப் போடுங்க," என்றாள் என் மனைவி ரோஷன் பேகம். "வேற எங்கிட்டுப் போறது? ஒங்க ஷார்ஜாவுக்கா?"

போட்டோம். மாப்பிள்ளை வீட்டார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார்கள். குளத்தில் இறங்கியதும் இறக்கிவிட்டுக்கொண்டார்கள். ஹஜ்ரத் நீல டைல்ஸில் உட்கார்ந்து நிக்காஹ் ஓதினார். சஹன் என்கிற பெரிய தட்டு ஒன்றுக்கு நாலு பேராகப் பிரியாணிக்கு உட்கார்ந்தார்கள். ஆத்மநாதனுக்கு ஒரே பூரிப்பு.

"இப்பவே நாலு விசேஷத்துக்குக் கேட்டிருக்காங்க பாய். இனிமே இது மண்டபம்ங்க!"

பெண்ணை அனுப்பும் நேரம் வந்தது. சாமியா அசையவில்லை.

"நான் நம்ம வீட்டு வாசல்லேர்ந்துதான் போவேன், அத்தா."

"வாசல் தண்ணிக்குள்ள கெடக்கும்மா."

"அப்ப தண்ணிய எடுங்க. குளத்துலேர்ந்து புருசன் வீட்டுக்குப் போனவன்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

அவள் அழுதாள். ஒரே மகள். அவளுடைய வாசலைத் தின்றது என் மனுதான். பெண்களை முதலில் கரையேற்றிவிட்டு, பந்தல்காரரின் கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு வாய்க்கால் சுவரிடம் போனேன்.

"ஆர்டர் இல்லாம சுவத்துல கை வைக்கக் கூடாது பாய்!" ஆத்மநாதன் எலும்புத் துண்டைப் பிடித்தபடியே எழுந்தார். "உள்ள ஆளுங்க சாப்பிடுறாங்க!"

"சாப்பிட்டவங்க ஏறுங்க! சாப்பிடாதவங்க சஹனைத் தூக்கிட்டு ஏறுங்க!" என்று கத்தினேன்.

ஏழாவது குத்தில் சுவர் விட்டது. தெருத் தண்ணீர் மொத்தமும் குளத்துக்குள் பாய்ந்தது. சம்பந்தி சஹனைத் தலையில் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படியேறினார். அதில் ஒரு பருக்கை சிந்தவில்லை. ஆத்மநாதன் மோட்டாரைப் போட ஓடினார். அவருக்கு முன்னால் ரோஷன் பேகம் ஓடிப்போய் ஃபியூஸைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்போது எங்கள் வாசற்படி வெளியே வந்திருந்தது. கழுவித் துடைத்து, மகளை அதில் நிறுத்தினோம். காரை வாசலோடு ஒட்டி நிறுத்தினார்கள். மாப்பிள்ளை உட்பட அவர்கள் வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் இடுப்புவரை நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றார்கள். என் மகள் கால் நனையாமல் வண்டி ஏறினாள்.