மண் மூடும் வேகம்

அப்பாவைக் கிடத்தியிருந்த ஃப்ரீசர் பெட்டியின் வயரைச் செருக இடம் தேடி அவள் அலமாரியை நகர்த்திக்கொண்டிருந்தபோது, நாளை சாயங்காலம் வரை உடம்பு தாங்குமா என்று சித்தப்பா கேட்டார். அண்ணன் விமானத்தில் வந்துகொண்டிருந்தான். தான் வராமல் எடுக்கக் கூடாது என்று ஏறும்முன் போனில் அழுதிருந்தான்.

தாங்கும் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை, கல்லுக்குள்ளிருந்து பழங்கால எலும்புகளைப் பிரித்தெடுப்பது. நாலு பேர் முன்னால் பேச்சு வராதவளுக்கு அதைப் பற்றி மட்டும் வரும். குளிரில் அழுகல் மெதுவாகும் என்று தொடங்கினாள். செத்த உயிர் வெளியில் கிடந்தால் காற்றும் புழுவும் தின்றுவிடும்; உடனே சேறு மூடிக்கொண்டால் எலும்பு தப்பும்; தண்ணீரில் கரைந்த தாது நுண்துளைகளில் ஊறி இறுகி, வடிவம் குலையாமல் கல்லாகிவிடும். கோடி வருஷமானாலும் நிற்கும். வயரைப் பிடித்தபடியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போதும்மா," என்றார் சித்தப்பா. "உங்கப்பா இன்னும் கூடத்துலதான் இருக்கார்."

அவளுக்குக் காது வரை சுட்டது. திரும்பினால், கதவோரம் அம்மா.

சற்று நேரத்தில், இன்றைக்கே அடக்கம் செய்துவிடலாம் என்றாள் அம்மா. பெட்டிதான் வந்துவிட்டதே, பையன் முகம் பார்க்க வேண்டாமா என்று சித்தப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா அசையவில்லை. குழி வெட்டுகிறவருக்குப் போன் போட அவர் வாசலுக்குப் போனார்.

"ஏம்மா அவசரப்படுற?"

"நீதானே சொன்ன, சீக்கிரம் மூடினா அப்படியே இருப்பாருன்னு. அவன் ஒரு தடவ பார்க்கறதுக்காக..." அம்மா முடிக்கவில்லை.

பேசாமல் இருந்துவிட்டால் அம்மாவுக்கு அந்த நம்பிக்கை மிஞ்சும். அண்ணனுக்கு அப்பா முகம் கிடைக்காது.

"அம்மா, அது லட்சத்துல ஒண்ணுக்குக்கூட நடக்காது. அதுக்கு வேற மண்ணு வேணும். இங்க..." குரல் இறங்கியது. "எலும்புகூட மிஞ்சாதும்மா."

அம்மா அவளைப் பார்க்கவில்லை.

"அப்புறம் எதுக்குடி அதைச் சொன்ன?"

அவள் அலமாரியை இன்னும் கொஞ்சம் நகர்த்தி, வயரைச் செருகினாள்.

"போ. அவன் வரட்டும்னு உங்க சித்தப்பாகிட்ட சொல்லு."

சொன்னாள். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளே, அம்மா பெட்டியருகே உட்கார்ந்து, கண்ணாடியில் படிந்த ஈரத்தை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டிருந்தாள். முகம் தெரிந்தது, மங்கியது, மறுபடி துடைத்தாள். மகள் ஒரு துணியை எடுத்துவந்து, கால் பக்கம் நின்று, அந்த முனையை மட்டும் துடைத்தாள்.