ஒன்றரை ஜாண் அரசு

எனக்கு அந்த மரத்தைக் கண்டாலே ஆகாது. உயரம் ஒன்றரை ஜாண், வயது மட்டும் முப்பது என்று என் மச்சான் கோவர்த்தனன் பீற்றிக்கொள்வான். ரங்கூனில் ஒரு சீனக்காரர் வீட்டுத் தோட்டத்தில் வேலை பார்த்தபோது அவனுக்குக் கிடைத்த அரச மரம். வேரையும் கிளையையும் நறுக்கி நறுக்கித் தட்டையான மண்தொட்டிக்குள் குள்ளமாகவே நிறுத்தியிருந்தார்கள். திருத்தணி ஆந்திராவிலிருந்து மதராஸ் ராஜ்யத்துக்கு மாறிய வருஷம் அவனும் அந்தப் பக்கம் பிழைக்கப் போனான். வழியில் ரேணிகுண்டாவில் இறங்கி, எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து, தொட்டியைத் தன் தங்கை, என் மனைவி தாட்சாயணி கையில் கொடுத்தான்.

"மண்ணு காஞ்சாத்தான் தண்ணி ஊத்தணும். மறந்துடாதே."

அவள் மறக்கவில்லை. தெரிந்தே ஊற்றினாள்.

எங்களுக்கு இரண்டு முறை கரு தரித்துக் கலைந்துவிட்டது. ஸ்டேஷன் பிள்ளையார் கோயில் அரசைச் சுற்றப் போனால், பக்கத்து வீட்டுப் பெண்கள் "இங்கா ஏமீ லேதா?" என்று தெலுங்கில் விசாரிப்பார்களாம். இன்னும் ஒன்றுமில்லையா என்று எத்தனை பேருக்குப் பதில் சொல்வாள்? கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். நான் ரயில் ஷெட்டுக்கு வேலைக்குப் போனதும் கதவைச் சாத்தி, தொட்டியைக் கூடத்து நடுவே வைத்து, குளித்த ஈரத்தோடு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி ஒன்பது சுற்று சுற்றியிருக்கிறாள். நாற்பத்தெட்டு நாள் வேண்டுதல்.

எனக்கு அது தெரியவந்தது நாற்பத்தொன்றாம் நாள். அதற்குள் இலையெல்லாம் பழுத்து உதிர்ந்திருந்தது.

"உங்க அண்ணன் இன்னா சொன்னான், நீ இன்னா செஞ்சிக்கினு இருக்கே? அறிவு இருக்குதா உனுக்கு?" என்று கத்தினேன்.

"இன்னும் ஏழே நாளுதாங்க" என்று அழுதாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள்.

மரத்தைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். சாக்கடை நாற்றம். வேர்கள் கறுத்து, தொட்டால் தோல் விரலோடு வந்தது. வெள்ளையாக இருந்தவை இரண்டே வேர்கள்.

தொட்டியைக் கவிழ்த்தபோது அடியில் என் சிமெண்டு இருந்தது. அடித்துளை வழியே சிவப்புத் தரையில் தண்ணீர் சொட்டுகிறதென்று, மரம் வந்த வாரமே நான்தான் அதை அடைத்திருந்தேன். எதையும் அடைக்கத் தெரிந்த ஃபிட்டர் என்கிற திமிர். தாட்சாயணி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சவரக் கத்தியால் அழுகலை அறுத்தேன். திருமலையில் மொட்டை போடும் குழந்தையின் தலையைப் பிடிப்பதுபோல அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவர்ணமுகி ஆற்று மணலும் கரித்தூளும் போட்டு நட்டோம்.

"தண்ணி ஊத்தாம எப்பிடி சுத்துறது?"

"வெறும் சொம்பை வச்சிக்கினு சுத்து. சாமிக்குத் தெரியாதா?"

அதற்குப் பிறகு தினமும் வேலைக்குப் போகுமுன் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பேன். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. "பச்சை இருக்குதா?" என்று அவள் அடுப்படியிலிருந்தே கேட்பாள். முதல் மூன்று நாள் உண்மையாகவே இருந்தது. நாலாம் நாள் வெளிறியது. ஆறாம் நாள் எங்கே கீறினாலும் பழுப்பு. "இருக்குது" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

நாற்பத்தெட்டாம் நாள் நான் லீவு போட்டேன். வெறும் சொம்போடு அவள் ஒன்பது சுற்று சுற்றினாள். நான் வாசற்படியில் நின்று எண்ணினேன். முடித்துவிட்டு அவள் சொம்பை வைக்க உள்ளே போனதும், தொட்டியை ஜன்னலோரம் தூக்கி வைத்தேன். அப்போதுதான் மரத்தின் பின்பக்கம் கண்ணில் பட்டது. அடிமரத்தை ஒட்டி ஒரு கீறல். நான் கீறியது இல்லை. உள்ளே காய்ந்த பழுப்பு, ஓரத்தில் அவள் பூசிக் குளிக்கிற மஞ்சள் ஒட்டியிருந்தது. கீறி இரண்டு மூன்று நாளாவது ஆகியிருக்கும்.

"பச்சை இருக்குதா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"இருக்குது" என்றேன்.

"சரி" என்றாள்.