தேச்சு விழாத ஆட்டம்

1

இந்தக் கதை எனக்கு எங்கள் குடும்ப விருந்தொன்றில், ஒரு வாக்கியம் விடுபட்டுக் கிடைத்தது. குடகில் குடும்பப் பெயரைச் சொன்னால் மீதியெல்லாம் தெரிந்துவிடும். ஆகவே [ ] என்று விடுகிறேன். யாரும் நிரப்ப வேண்டாம்.

முதல் தொடக்கம்: குடும்பங்களுக்கான ஹாக்கிப் போட்டியில் [ ] குடும்பத்து மாச்சய்யா பந்தைத் தள்ளிவிட, பதினோரு வயதுப் பேத்தி தேச்சு கோல் போட்டாள்.

கம்பீரமான தொடக்கம். அவையில் வாசிக்கலாம். ஆனால் அதற்குச் சற்று முன்னால்,

எதிரணிப் பையனின் மட்டை கழுத்தில் பட்டு தேச்சு கீழே வி

(எங்கள் பக்கம் ஒரு குடும்பமே ஓர் அணி. தாத்தாவும் ஆடுவார், மருமகளும் ஆடுவாள். அதில் ஒருவர் தரையில் உட்கார்ந்தால் குடும்பமே உட்கார்ந்ததாக அர்த்தம். மாச்சய்யா மட்டையை உயர்த்தி, "எந்திரி" என்றார். எழுந்தாள். இரவு விருந்துக்குள் அந்த விழுதல் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.)

2

மறுநாள் காலை. காப்பித் தோட்டத்துக்குள் பனி புகுந்து மரங்களைக் கால் இல்லாமல் ஆக்கியிருந்தது. நீலம்மா மகளுக்கு அரிசி ரொட்டி வைத்தாள். தேச்சு தன் இடது கையைத் தட்டுக்குப் பக்கத்தில் கண்டெடுத்ததுபோலப் பார்த்தாள்.

"அவ்வா," அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவாள், "இது யாரோட கை?"

நீலம்மா சிரிக்கப் போனாள். மகளின் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

[இவ்விடத்தில் நீலம்மா அலறியதாக எழுதி அடித்துவிட்டேன். அவள் அலறவில்லை. ரொட்டியை மூடி வைத்தாள். ஏன் என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது.]

3

மைசூர் போகும் வழியெல்லாம் காருக்குள் பனி வந்து அமர்ந்ததுபோல் இருந்தது. நீலம்மாவின் கொழுந்தன் போபண்ணா ஓட்டினான். பயந்தால் வாய் ஓயாதவன்.

"ராத்திரி பன்றிக்கறிய அள்ளி அள்ளித் தின்னா, அண்ணி. அதான் கை மரத்துப்போச்சு."

"தின்னது வாயி. கையில்ல. ரோட்டப் பாத்து ஓட்டு."

மாச்சய்யா முன்னிருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் தேச்சு, தன் மடியில் யாரோ தூங்குவதாகவும் எழுப்ப வேண்டாமென்றும் குழறலாகச் சொன்னாள். மடியில் அவள் கைதான் கிடந்தது.

4

மைசூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் வாரிஜா தேச்சுவின் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியா அடைச்சிருக்கு. கரைக்கிற மருந்து இருக்கு. பெரியவங்களுக்கு நிறையக் குடுத்திருக்கோம், குழந்தைங்களுக்குக் கொஞ்சம்தான். கரைஞ்சா நல்லது. எங்கயாவது அடிபட்டிருந்தா அங்க ரத்தம் கசியலாம். சமீபத்துல விழுந்தாளா?"

"எங்க குடும்பத்துப் பிள்ளைங்க விழமாட்டாங்க" என்றார் மாச்சய்யா.

நீலம்மா அவர் முன்னால் டாக்டர்களிடமோ வேறு எந்த வெளியாளிடமோ குரல் எழுப்பியதில்லை. தன் குரல் யாருடையதோ போல அவளுக்குக் கேட்டது.

"விழுந்தா. மட்டை கழுத்துல பட்டுது."

"மைதானத்துக்கு வெளிய பந்தலுக்குள்ள நின்னவ நீ. உனக்கென்ன தெரியும்?"

"நின்னதாலதான் மாமா தெரிஞ்சுது."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு கதை இருந்தா நான் ஊசி போட முடியாது. கழுத்துல பட்டிருந்தா குழாய் அங்க கிழிஞ்சு கட்டி உண்டாயிருக்கலாம், அதையும் பாக்கணும். தலை தரையில மோதுச்சா, எப்படி எந்திரிச்சா, எல்லாம் தெரியணும். நேரம் போகுது. பக்கத்துல யார் இருந்தா?"

பக்கத்தில் இருந்தவர் ஒருவர்தான்.

(இங்கே மாச்சய்யாவை மௌனமாகவே விட்டு ஒரு பிரதி எழுதினேன். குடும்பத்தில் பலருக்கு அது பிடித்திருந்தது. கிழித்துவிட்டேன்.)

அவர் எழுந்து நின்றார். அவையில் பேச எழுவதுபோல.

"தோள் மண்ணுல பட்டுது. தலை படல. எனக்கு ரெண்டடி தூரத்துல விழுந்தா. கழுத்தப் புடிச்சுக்கிட்டு, 'அஜ்ஜா, கண்ணுக்குள்ள பூச்சி பறக்குது'ன்னா. நான்தான் எந்திரின்னேன்."

டாக்டர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

5

முடிவுக்கு வந்துவிட்டோம். ஒரு பிரதியில் அன்று மாலையே இடது சுண்டுவிரல் அசைகிறது. இன்னொன்றில் மருந்து வேண்டாமென்று டாக்டர் முடிவெடுக்கிறார், தேச்சு மெல்ல, பல மாதங்களில், அந்தக் கையோடு பழகுகிறாள். மூன்றாவதை நீலம்மா படிக்கக்கூடும் என்பதால் எழு

நடந்தது எனக்குத் தெரியும். அது தேச்சுவுடையது, அவள் விரும்பினால் சொல்வாள்.

உங்களுக்குப் பிடித்த முடிவை வைத்துக்கொள்ளுங்கள். அதில் அவள் ஓடட்டும், மறுபடி கோல் போடட்டும், எனக்கு மகிழ்ச்சியே. யாரிடமாவது இந்தக் கதையைச் சொல்லும்போது விழுந்ததை மட்டும் விட்டுவிடாதீர்கள். மாச்சய்யா கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.