தண்ணி டீச்சரின் இரண்டாவது கேள்வி

குழந்தைகள் மனநல மையத்தில் அவளுக்கு 'தண்ணி டீச்சர்' என்று பெயர். அதைக் கேட்டு வெளியே காத்திருக்கும் அப்பாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தண்ணீர் ஊற்றுவதுதான் அவள் தொழில்.

தாழ்வான மேசையில் ஒரே மாதிரி இரண்டு குட்டை டம்ளர்கள். இரண்டிலும் சிவப்புத் தண்ணீர், ஒரே மட்டத்துக்கு. "ரெண்டுலயும் ஒரே அளவா?" என்று கேட்பாள். பிள்ளை "ஆமா" என்றதும், ஒரு டம்ளர் தண்ணீரை அதன் கண்ணெதிரேயே ஒல்லியான, உயரமான டம்ளரில் ஊற்றிவிட்டு மறுபடியும் அதையே கேட்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் உயரமான டம்ளரைக் காட்டி "இதுலதான் ஜாஸ்தி" என்பார்கள். கொஞ்சம் வளர்ந்ததுகள் "அதே தண்ணிதானே?" என்று நம்மை ஏற இறங்கப் பார்க்கும்.

இதை வைத்துக்கொண்டு படித்தவர்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லை. பிள்ளையின் புத்தி படிப்படியாகத்தான் ஏறும் என்பது ஒரு கட்சி. பிள்ளை தனியாக யோசிப்பதே இல்லை, பக்கத்தில் இருப்பவர்களோடு சேர்ந்துதான் யோசிக்கும் என்பது இன்னொரு கட்சி. எல்லாம் கைக்குழந்தையாக இருந்தபோது யார் தூக்கி வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தது என்பது மூன்றாவது. ஆளுக்கு ஓர் ஆதாரம் வைத்திருக்கிறார்கள். ஆதாரமாகிப்போன பிள்ளைகளிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தண்ணி டீச்சர் ஒரு தடவை கேட்டாள். முன்பல் விழுந்த ஒரு வாண்டு, "ஒரே அளவுதான்" என்று முதலில் அடித்துச் சொல்லிவிட்டு, ஊற்றியபின் "இதுல ஜாஸ்தி" என்று மாற்றிச் சொன்னது. ஏன் மாத்தின என்றாள். "நீங்க மறுபடி கேட்டீங்கல்ல? முதல்ல சொன்னது தப்பு போலன்னு நெனச்சேன்" என்றது அந்த வாண்டு.

அன்றிலிருந்து அவள் அறையில் ஒரு சட்டம். கேள்வி ஒரே தடவைதான், அதுவும் ஊற்றிய பிறகுதான். பயிற்சிக்கு வரும் பெண்கள் பழக்கதோஷத்தில் இரண்டாவது தடவை கேட்டுவிட்டால் வறுத்தெடுத்துவிடுவாள். "பெரியவங்க ரெண்டாவது தடவை கேட்டா அது கேள்வியே இல்லம்மா. நீ சொன்னது தப்புன்னு சொல்றோம்னு அர்த்தம்."

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். தண்ணி டீச்சர் வீட்டுக் கதைக்கு வருவோம்.

அவளும் கணவரும் பிரிவது என்று முடிவாகியிருந்தது. அடிதடி இல்லை, மூன்றாம் மனுஷி இல்லை. மூடி வைத்த பால் புளித்துப்போனது போல என்னவோ ஆகிவிட்டது, அவ்வளவுதான். அவர் பாலம் கட்டுகிற பொறியாளர். வேறு ஊரில், ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரத்தில் வேலை கிடைத்திருந்தது. பாத்திரம் பண்டமெல்லாம் பிரித்தாயிற்று. பிரிக்க முடியாமல் நின்றது பட்டாணிதான். ஐந்து வயது. உருண்டையாகப் பிறந்ததால் அந்தப் பெயர்.

பட்டாணி யாரிடம் இருப்பது? இருவருக்குமே அவள் வேண்டும். அதற்கு வழி சொன்னதும் தண்ணி டீச்சர்தான். "நாம ரெண்டு பேரும் அவகிட்ட எதுவும் சொல்லிக்குடுக்கக்கூடாது. குடும்பக் கோர்ட்டு ஆலோசகர் கேக்கட்டும். அவ என்ன சொல்றாளோ அதுதான் முடிவு. அப்புறம் பேச்சே இல்ல." அவர் யோசித்துவிட்டுச் சரியென்றார்.

பிரிவதென்று முடிவான நாளிலிருந்து அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. டீ நாக்கைச் சுட்டது மறுநாள் தோல் உரிந்தபோதுதான் தெரிந்தது. "அழுதுடுக்கா, பாரம் குறையும்" என்று மையத்தின் வரவேற்பில் இருக்கும் பெண் சொன்னாள். அழுகை வந்தால்தானே அழுவதற்கு? அவள் பாட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஆலோசகருக்கு அன்று நல்ல ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே பட்டாணியைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். அம்மா இந்தப் பக்கம், அப்பா அந்தப் பக்கம். பட்டாணியின் கால் தரையைத் தொடவில்லை. ஷூவை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டிருந்தாள்.

"பட்டாணி, அப்பா வேற ஊருக்குப் போறாரு. அம்மா இங்கதான் இருப்பாங்க. ரெண்டு பேருமே உன்னை அடிக்கடி பாப்பாங்க. நீ யார்கூட இருக்க ஆசைப்படற?"

பட்டாணி யோசிக்கக்கூட இல்லை. "அம்மாகூட."

அப்பா குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். ஆலோசகர் தலையாட்டினார். முடிந்தது. தண்ணி டீச்சர் அப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவில் யாரோ சொன்னது போலிருந்தது. இதற்காவது நெஞ்சு அசையாதா? இன்னொரு தடவை கேட்டால் ஒருவேளை அசையலாம். பேராசைதான், வேறென்ன சொல்வது? வாய் முந்திக்கொண்டது.

"யார்கூடடா கண்ணு?"

ஷூ தட்டுவது நின்றது. பட்டாணி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை, ஒன்றுமே இல்லை. பிள்ளை அதில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, மெதுவாக அப்பா பக்கம் திரும்பியது.

"அப்பாகூட."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா?

அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. ஆலோசகர் பட்டாணியைப் பொம்மைகள் இருக்கும் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு, "முதல்ல சட்டுனு சொல்லிட்டா. அப்புறம் யோசிச்சு மாத்திச் சொல்றா. யோசிச்சுச் சொன்னதுதானே மேடம் கணக்கு?" என்றார்.

"இல்ல சார். நான் மறுபடி கேட்டதாலதான் மாத்தினா. முதல்ல சொன்னது தப்புன்னு நெனச்சுட்டா. எங்க மையத்துல தினமும் பாக்கறேன்." தன் குரல் தனக்கே வகுப்பெடுப்பது போலக் கேட்டது.

கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "முதல்ல அப்பான்னு சொல்லி, நீ கேட்டதும் அம்மான்னு மாத்தியிருந்தா, இந்தப் பாடத்தை எடுத்திருப்பியா?"

எடுத்திருக்க மாட்டாள். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"அவ என்ன சொல்றாளோ அதுதான்னு நீதானே சொன்ன?" என்றார்.

"திரும்ப ஒரு தடவை கேட்டுப் பாத்துடலாமா?" என்றார் ஆலோசகர். வேண்டாம் என்று தலையசைத்தாள். மூன்றாவது தடவை கேட்டால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? பக்கத்து அறையில் இருக்கிற பொம்மையோடு இருக்கிறேன் என்று சொல்லும். அப்பாகூட என்றே முடிவானது. லீவுக்கு அம்மாவிடம்.

வெளியே தாழ்வாரத்தில் பட்டாணியின் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது. தண்ணி டீச்சர் மண்டிபோட்டுக் கட்டினாள். விரல்கள் அதுபாட்டுக்கு முடிச்சுப் போட்டன. பட்டாணி அம்மாவின் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து காதருகே கேட்டாள்.

"அம்மா, ரெண்டாவது தடவை சரியா சொன்னேனா?"

ரகசியம் பேசத் தெரியாத வயது. தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்த அப்பாவின் நடை நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் காதிலும் விழுந்திருந்தது. பார்த்தாலே தெரிந்தது.

அவள் காத்திருந்தாள். இப்போது அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உள்ளே திரும்பிப் போகலாம். ஆலோசகர் இன்னும் மூக்கைத் துடைத்துக்கொண்டுதான் இருப்பார்.

அப்பா பாட்டில் வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு வந்து பட்டாணியின் இன்னொரு கையைப் பிடித்தார்.

"சரியாத்தான் சொன்ன, பட்டாணி."

பட்டாணி நம்பாமல் அம்மாவைப் பார்த்தாள். "ம்?"

அவர் இடத்தில் தான் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதுகூட வலிக்கவில்லை.

"ம்" என்றாள்.

பட்டாணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருவர் கையிலும் தொங்கியபடி, தரையில் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் குதித்துக்கொண்டே வாசல்வரை வந்தாள்.