கானிமின் கார் குடித்த பெட்ரோல்

மோசுல்காரர்களின் சிக்கனத்தைச் சொல்லி ஈராக் முழுவதும் சிரிக்கும். அந்த மோசுலே டாக்ஸிக்காரர் கானிமைப் பார்த்துச் சிரிக்கும். ஒரே தேயிலையை, அது அழுது கெஞ்சும்வரை திரும்பத் திரும்பக் கொதிக்க வைக்கிற மனிதர். அப்பேர்ப்பட்டவரின் கார் கோடையிலிருந்து டைக்ரிஸ் ஆற்றையே உறிஞ்சிவிடுவதுபோலப் பெட்ரோல் குடித்தது.

மனைவி கவ்லாவுக்கு அதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. இன்னொருத்தி!

ஜனவரிக் குளிரில் இருவரும் மெக்கானிக் உஸ்தா தன்னூனின் பட்டறைக்கு வந்தார்கள். மகன் லைத்தின் பெயரால் ஊருக்கு அவர் அபூ லைத், லைத்தின் அப்பா; அவள் உம்மு லைத், லைத்தின் அம்மா. டிக்கியில் கவ்லாவின் துணிப்பெட்டி. காரில் கோளாறு இருந்தால் வீடு; இல்லையென்றால் நேரே அண்ணன் வீடு. அதுதான் ஒப்பந்தம்.

தன்னூன் பானெட்டுக்குள் இடுப்புவரை இறங்கினார். காற்று வடிகட்டியைத் தட்டினார், குழாய்களை முகர்ந்தார், பிளக்குகளைக் கழற்றினார்.

"பிளக்கெல்லாம் கரியாக் கெடக்கு, அபூ லைத். தேவைக்கு மேல பெட்ரோல் வருது. ஏன் வருதுன்னுதான் புரியல."

"எனக்குப் புரியுது," என்றார் முன்சீட்டிலிருந்த கவ்லா. "அவ பேருதான் தெரியல."

"உம்மு லைத், ஆண்டவன் மேல ஆணையா..." என்று தொடங்கினார் கானிம்.

"நீங்க சும்மா இருங்க. உஸ்தா, நீங்களே சொல்லுங்க. கொதிச்ச தேயிலைய மறுபடி கொதிக்க வைக்கிற மனுஷன், காதல் இல்லாம இவ்வளவு பெட்ரோல் செலவு பண்ணுவாரா?"

தன்னூன் யோசித்தார். "நியாயமான கேள்விதான்."

"அடேய், நீ யாரு பக்கம்?" என்று அலறினார் கானிம்.

"இன்னும் கேளுங்க," என்றார் கவ்லா. "போன வாரம் இவரோட அக்கா வீட்டுக்குப் போனோம். ஹீட்டரைப் போட்டா குளிர்காத்து வருது. போய்ச் சேர்றதுக்குள்ள என் கால் விறைச்சுப் போச்சு. சூடெல்லாம் அந்த இன்னொருத்திக்கு, குளிரெல்லாம் எனக்கு!"

தன்னூனின் தலை விருட்டென்று வெளியே வந்தது. "என்னது? ஹீட்டர் சூடாகலையா?"

என்ஜினை ஓடவிட்டு, தேநீர் வரவழைத்துக் குடித்தார். குடித்து முடித்தும் வெப்பமானியின் முள் படுத்த இடத்தைவிட்டு எழவில்லை. என்ஜினை நிறுத்தி, இரண்டு போல்ட்டைக் கழற்றி உள்ளே விரல் விட்டவர், வெறும் விரலைத் தூக்கிக் காட்டினார்.

"இங்க தெர்மோஸ்டாட்டையே காணோம்! என்ஜின் சூடாகறவரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம தடுக்கிற குட்டிக் கதவு அது. இல்லாததால என்ஜின் எப்பவும் ஜில்லுன்னு இருக்கு. உள்ள இருக்கிற கம்ப்யூட்டர், பாவம், இப்பத்தான் விடிஞ்சுதுன்னு நெனச்சுக்கிட்டு நாள் பூரா பெட்ரோல ஊத்துது. கோடையில வண்டி கொதிக்குதுன்னு இதைப் பிடுங்கிப் போடறது டாக்ஸிக்காரங்க வழக்கம். உன் வண்டியில எந்தக் கழுதைடா பிடுங்கினது?"

கழுதை யாரென்று கானிமுக்குத் தெரியும். தார்ச்சாலையில் ஒட்டிக்கொண்ட புறாக்களைச் சட்டுவத்தால் பெயர்த்தெடுக்க வேண்டியிருந்த ஜூலை மாதம் அது. ஸ்டாண்டில் எல்லோரும் மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிடுங்கினார்கள். கானிம், கூலி மிச்சமென்று, தன் கையாலேயே பிடுங்கினார்.

இதை எப்படிச் சொல்வது? இரண்டு பெண்டாட்டிக்காரன் மோசுலில் தலைநிமிர்ந்து நடக்கலாம். கூலியை மிச்சம் பிடிக்கப்போய் அரை வருஷம் பெட்ரோலைக் கொட்டியவன் முக்காடு போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஒரு நொடி, ஏதாவது பெண் பெயரைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார். டிக்கியிலிருந்த பெட்டி ஞாபகம் வந்தது.

"நான்தான்," என்றார்.

"கூலிய மிச்சம் பிடிக்கவா?" என்று கேட்டார் கவ்லா.

"ஆமா."

கவ்லா சிரிக்கத் தொடங்கினார். கார் குலுங்கியது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் நிலநடுக்கம் என்று எட்டிப் பார்த்தார்கள்.

"வீட்டுக்குப் போகலாம்," என்றார் கண்ணைத் துடைத்தபடி.

கானிம் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "எங்க அக்காகிட்ட இன்னொருத்தின்னு சொல்லி வச்சிருக்கியே..."

"கவலப்படாதீங்க. இப்பவே உண்மையைச் சொல்லிடறேன்."

"ஐயோ, வேணாம்! இன்னொருத்தியே இருந்துட்டுப் போகட்டும்!"

ஆனால் போன் அதற்குள் கவ்லாவின் காதில் இருந்தது.